கண்ணுக்குள் ஒரு குடை

தீபாவளிக்கு மறுநாள் மாமா எங்கள் குடும்பப் புலனக் குழுவில் ஒரு காணொளியைப் போட்டார். ஒன்றரை நிமிடம்தான். ஒரு பெண்ணின் கண் திரை முழுக்கத் தெரிகிறது. சுருட்டி வைத்த மெல்லிய தாள் போன்ற ஒன்றைக் கண்ணுக்குள் நுழைக்கிறார்கள். அது உள்ளே போய்ப் பூ மாதிரி விரிகிறது. அடுத்த காட்சியில் அந்தப் பெண் சிரிக்கிறாள். கண்ணின் நிறம் மாறியிருக்கிறது. கீழே ஒரு கைப்பேசி எண். அதற்குக் கீழே மாமாவின் குரல் பதிவு: "அக்கா, புள்ளைக்கு இதப் பண்ணிட்டா கண்ணு சரியாயிரும்போல. விசாரிப்போமா?"

அம்மா அதைப் பத்துத் தடவையாவது பார்த்திருப்பார். இரவுச் சாப்பாட்டின்போது மெதுவாகச் சொன்னார்: "என் இ.பி.எஃப். பணம் சும்மாதானே கிடக்கு."

எனக்கு இருபத்தாறு வயதாகிறது. அல்பினிசத்தோடு பிறந்தவள் நான். தோல், முடி, கண் மூன்றுக்கும் நிறம் கொடுக்கும் மெலனின் என்னும் நிறமி என் உடம்பில் மிகக் குறைவு. ஜாசின் வட்டாரத்துத் தோட்டமொன்றின் லயத்தில், கறுத்த அப்பாவுக்கும் மாநிற அம்மாவுக்கும் வெளுத்த முடியோடு ஒரு பெண் பிள்ளை பிறந்தால் என்ன பேச்சு கிளம்பும் என்று சொல்லத் தேவையில்லை. "துரை வீட்டுப் பிள்ளை" என்று யாரோ சொல்லப் போக, பாட்டி மங்குக் கூடையோடு அந்த வீட்டு வாசலுக்கே போய்ச் சண்டை போட்டாராம். இத்தனைக்கும் நான் பிறந்தபோது எங்கள் தோட்டத்தில் வெள்ளைக்காரத் துரை யாருமே இல்லை.

இதில் அம்மா மேல் எந்தக் குற்றமும் இல்லை என்பதை இடைநிலைப்பள்ளி உயிரியல் படித்த எவரும் புரிந்துகொள்ளலாம். தோலையும் முடியையும் சேர்த்துப் பாதிக்கும் அல்பினிசம் ஒடுங்கு மரபணுவால் வருவது. அப்பாவிடம் ஒன்று, அம்மாவிடம் ஒன்று என இரண்டு பழுதான மரபணுக்கள் ஒரே பிள்ளையிடம் சேர்ந்தால்தான் அது வெளிப்படும். ஒன்று மட்டும் இருப்பவரைப் பார்த்து எதுவும் கண்டுபிடிக்க முடியாது. இருவரிடமும் ஒவ்வொன்று இருந்தால், பிறக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் நான்கில் ஒரு வாய்ப்பு. என் பெற்றோர் அத்தை மகள், மாமன் மகன் முறை. சொந்தத்துக்குள் கட்டும்போது ஒரே மரபணு இரு பக்கமும் இருக்கும் வாய்ப்பு கூடுகிறது. உலக அளவில் ஏறக்குறைய 17,000 முதல் 20,000 பேருக்கு ஒருவர் இப்படிப் பிறக்கிறார் என்று கணக்கிடுகிறார்கள். தான்சானியாவில் இது 1,400 பேருக்கு ஒருவர் என்னும் அளவுக்கு அதிகம்.

சரி, கண்ணுக்கு வருகிறேன்.

எங்கள் தமிழ்ப்பள்ளியில் திங்கட்கிழமைச் சபைக்கூடல் திறந்த திடலில் நடக்கும். தேசியப் பண் முடிவதற்குள் என் கண்ணிலிருந்து நீர் வழிந்துவிடும். நாட்டுப்பற்றில் அழுகிறேன் என்று ஒரு தோழி நெடுநாள் நம்பிக்கொண்டிருந்தாள். செங் சன்னாசிமலை ஆண்டவர் கோயில் மாசி மகத்துக்குப் போனால் காவடி எதுவும் எனக்குத் தெரியாது. அம்மாவின் சேலைத் தலைப்புக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு உறுமிச் சத்தம் மட்டும் கேட்டு வருவேன். ஆனால் விடியற்காலையில் பாட்டியோடு பால்மரக் காட்டுக்குப் போன நாள்களில் எனக்குக் கண் வலித்ததே இல்லை. நெற்றி விளக்கின் வெளிச்சமும் மரநிழலும் போதும். பிரட்டு முடிந்து வெயில் ஏறும்வரை அங்கே நானும் மற்றப் பிள்ளைகளைப் போலத்தான் திரிந்தேன்.

கண்ணின் நடுவே கறுப்பாகத் தெரிகிறதே, அதுதான் கண்பாவை. உண்மையில் அது ஓர் ஓட்டை. அதைச் சுற்றி வளையமாக இருக்கும் நிறத் திரைக்கு ஐரிஸ் என்று பெயர். வெயிலில் அது ஓட்டையைச் சுருக்கும், இருட்டில் விரிக்கும். வெளிச்சம் அந்த ஓட்டை வழியாக மட்டுமே உள்ளே போக வேண்டும் என்பதற்காக ஐரிசின் பின்பக்கம் மெலனின் பூசப்பட்டிருக்கிறது. நீலக் கண் கொண்ட ஐரோப்பியர்களுக்கும் அந்தப் பின்பூச்சு உண்டு. எனக்கோ அதுவும் சரியாக இல்லை. மருத்துவர் ஒரு சிறு விளக்கை என் கண்பாவைக்குள் அடித்தால் ஐரிஸ் முழுவதும் சிவந்து ஒளிரும். சன்னல் திரைச்சீலைக்குப் பின்னால் விளக்கு எரிவது போல. அப்படியென்றால் வெளியே உள்ள வெயிலும் அதே வழியாகத் தாராளமாக உள்ளே வருகிறது என்று பொருள். உள்ளே போன வெளிச்சத்தை உறிஞ்சிக்கொள்ள விழித்திரைக்குப் பின்னாலும் மெலனின் போதாது. அதனால் வெளிச்சம் அங்குமிங்கும் சிதறுகிறது.

மாமா அனுப்பிய காணொளியைப் பார்த்தபோது என் மனத்தில் ஓடியதும் இதுதான். ஓட்டைத் திரைக்குப் பதில் நல்ல திரை போட்டுவிட்டால் தீர்ந்தது அல்லவா? ஒரு வாரம் தூக்கமில்லாமல் தேடிப் படித்தேன்.

ஜெர்மனியில் செய்யும் திரை

செயற்கை ஐரிஸ் கட்டுக்கதை அல்ல. 1990களிலேயே ஜெர்மனியில் கறுப்பு வளையம் சேர்ந்த செயற்கை லென்சுகளைச் சிலருக்குப் பொருத்தினார்கள். அவை விறைப்பானவை, கண்ணில் பெரிதாக வெட்டித்தான் உள்ளே வைக்க முடிந்தது. இப்போது ஜெர்மனியின் ஹியூமன்ஆப்டிக்ஸ் நிறுவனம் செய்யும் கஸ்டம்ஃப்ளெக்ஸ் என்பது மடிக்கக்கூடிய மெல்லிய சிலிக்கோன் வட்டு. 12.8 மில்லிமீட்டர் அகலம். தேவையான அளவுக்கு அறுவை மருத்துவர் வெட்டிக்கொள்ளலாம். நடுவில் 3.35 மில்லிமீட்டர் ஓட்டை. நோயாளியின் கண்ணைப் படம்பிடித்து அனுப்பினால், அதைப் பார்த்து அவரவருக்கு ஏற்ற நிறத்தில் செய்து தருகிறார்கள். ஒரு கண் விபத்தில் சிதைந்திருந்தால், மற்றக் கண்ணுக்கு இணையாக நிறம் தீட்டுவார்கள்.

2018 மே 30ஆம் நாள் அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகமான எஃப்.டி.ஏ. இதற்கு ஒப்புதல் அளித்தது. தனித்துப் பொருத்தக்கூடிய செயற்கை ஐரிஸ் ஒன்றுக்கு அங்கே கிடைத்த முதல் ஒப்புதல் அது. பிறவியிலேயே ஐரிஸ் இல்லாதவர்கள், விபத்தில் இழந்தவர்கள், புற்றுநோய் கட்டிக்காக ஐரிஸ் அகற்றப்பட்டவர்கள் ஆகியோருடன் அல்பினிசம் உள்ளவர்களும் அந்தப் பட்டியலில் இடம்பெற்றிருக்கிறார்கள். அந்தச் சொல்லைப் பட்டியலில் பார்த்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. பெரியவர்களும் பிள்ளைகளுமாக 389 பேரிடம் நடந்த ஆய்வை வைத்து ஒப்புதல் தரப்பட்டது. 70 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் வெளிச்சக் கூச்சமும் கண்ணைப் பறிக்கும் ஒளியும் நன்றாகக் குறைந்ததாகக் கூறினர். கண்ணின் தோற்றம் மனத்துக்குப் பிடித்திருப்பதாக 94 விழுக்காட்டினர் கூறினர்.

இந்த எண்களை அம்மாவிடம் படித்துக் காட்டினேன். செய்திருக்கக் கூடாது. "அப்புறம் என்னம்மா யோசனை?" என்று அவர் உடனே மாமாவுக்குப் போன் போடப் போய்விட்டார். ஆய்வில் இருந்த எல்லாருக்கும் அல்பினிசம் இல்லை என்பதையும், பொருத்திய வட்டு நகர்ந்து போவது, கண் அழுத்தம் ஏறுவது, அழற்சி, மறுபடியும் அறுவை செய்ய நேர்வது போன்ற சிக்கல்கள் சிலருக்கு வந்தன என்பதையும் நான் சொல்வதற்குள் அந்தப் பக்கம் மாமா எடுத்துவிட்டார்.

"எதை வைத்துப் படிக்கிறாய்?"

மலாக்காவில் நான் வழக்கமாகப் பார்க்கும் கண் மருத்துவரிடம் மூன்று பேரும் போனோம். மாமா காணொளியைக் காட்டினார். அவர் அதைக் கடைசிவரை பொறுமையாகப் பார்த்துவிட்டு, கைப்பேசியை மாமாவிடம் திருப்பிக் கொடுத்தார். பிறகு மேசையிலிருந்த ஒரு மருந்துச் சீட்டை என்னிடம் நீட்டிப் படிக்கச் சொன்னார். வழக்கம்போல மூக்குக்கு அருகில் கொண்டுபோய்ப் படித்தேன்.

"இவ்வளவு கிட்டத்தில் வைத்து எப்படித் தெளிவாகத் தெரிகிறது, தெரியுமா?" என்று கேட்டார். பழக்கம் என்றேன். பழக்கம் இல்லை, லென்ஸ் என்றார்.

ஐரிசுக்குப் பின்னால் கண்ணின் சொந்த லென்ஸ் இருக்கிறது. இளவயதில் அது வளைந்து கொடுக்கும். அதனால்தான் புத்தகத்தைப் பத்துச் சென்டிமீட்டருக்குக் கொண்டுவந்தாலும் எழுத்து கலங்காமல், பெரிதாகவும் தெரிகிறது. என் போன்றவர்களுக்கு இயற்கை இலவசமாகக் கொடுத்த உருப்பெருக்கி அது. செயற்கை ஐரிசைப் பெரும்பாலும் சொந்த லென்ஸ் எடுக்கப்பட்ட கண்ணில், கண்புரைக்காக வைக்கும் செயற்கை லென்சோடு சேர்த்துத்தான் பொருத்துகிறார்கள். நல்ல லென்ஸ் இருக்கும் கண்ணில் வைத்தால் அது உரசிக் கண்புரையை வரவழைக்கக்கூடும். லென்சை எடுத்துவிட்டால் வளையும் திறன் போய்விடும். அதாவது, வெயிலில் நடக்கும் சுகத்துக்காக நான் படிக்கும் கண்ணை விலையாகக் கொடுக்க வேண்டியிருக்கும். ஐம்பது, அறுபது வயதில் கண்புரை வந்து எப்படியும் லென்சை எடுக்க வேண்டிய நாளில் இந்தக் கேள்வியைத் திரும்பக் கேட்கலாம், அப்போது கணக்கு வேறு என்றார் மருத்துவர்.

மாமா விடவில்லை. "அப்போ தூரத்துல உள்ளது தெரியுமா டாக்டர்?"

அடுத்த பாடம் அங்கே தொடங்கியது. தெளிவான பார்வைக்கு விழித்திரையின் நடுவில் ஃபோவியா என்னும் மிகச் சிறிய குழி இருக்கிறது. எழுத்து, முகம், பேருந்து எண் எல்லாவற்றையும் நாம் அந்த இடத்தால்தான் பார்க்கிறோம். அல்பினிசம் உள்ளவர்களுக்குத் தாயின் வயிற்றிலேயே அந்தக் குழி முழுதாக உருவாவதில்லை. கண்ணிலிருந்து மூளைக்குப் போகும் நரம்பு இழைகளும் வழக்கத்தைவிட அதிகமாக எதிர்ப்பக்கத்துக்குக் கடந்து போகின்றன. ஆழமும் தூரமும் கணிக்கத் தடுமாறுவது அதனால்தான். பூப்பந்து மட்டை என் கையில் நின்றதே இல்லை. கண் இடமும் வலமும் தானாக ஆடுவதும் இதோடு சேர்ந்தது. திரையை மாற்றினால் இவற்றில் எதுவும் மாறாது. கேமராவுக்கு நல்ல மூடி போட்டாலும் உள்ளே இருக்கும் படச்சுருள் அதேதான்.

அம்மாவின் முகத்தைப் பார்க்க எனக்குத் துணிவில்லை. ஆனால் மருத்துவர் அதோடு விடவில்லை. அறுவை இல்லாமலே அதைச் சோதித்துப் பார்க்க வழி இருக்கிறது என்றார். நடுவில் மட்டும் தெளிவாகவும், சுற்றிலும் ஒளி புகாதபடி ஐரிஸ் போல வண்ணம் தீட்டியும் செய்த காண்டாக்ட் லென்ஸ். கண்ணுக்கு மேலே போட்டு எடுப்பதுதான். வேண்டாம் என்றால் கழற்றிவிடலாம்.

இரண்டு மாதம் கழித்து அவை வந்தன. போட்டுக்கொண்டு அம்மாவோடு பண்டார் ஹிலிர் பக்கம் போனேன், பகல் பன்னிரண்டு மணிக்கு, வேண்டுமென்றே. மலாக்கா வெயில் சிமெண்டுத் தரையில் பட்டுத் திரும்பும் நேரம் அது. எத்தனையோ வருடமாக அந்த இடத்தை நான் என் செருப்பைப் பார்த்துக்கொண்டேதான் கடந்திருக்கிறேன். அன்றைக்கு நிமிர்ந்து நடந்தேன். கண்ணில் நீர் இல்லை, நெற்றி சுருங்கவில்லை. ஆ ஃபமோசா கோட்டை வாசலின் கல் இவ்வளவு கறுப்பு என்று அப்போதுதான் பார்த்தேன். அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தார். எதிரே ஒரு பேருந்து வந்தது. "எண் என்னம்மா?" என்று கேட்டார். கண் கூசாமல் அந்தப் பேருந்தை நேராகப் பார்த்தேன். எண் தெரியவில்லை.

"சரி, நான் பாத்துச் சொல்றேன்" என்றார் அம்மா. பிறகு இருவரும் செண்டோல் சாப்பிட்டோம்.

இப்போதும் நான் அந்த லென்சுகளை எப்போதாவதுதான் போடுகிறேன். தூசி, வியர்வை, கையைக் கழுவிக்கொண்டே இருக்கும் தொல்லை. மற்ற நாள்களில் பக்கவாட்டையும் மூடும் பழுப்புக் கண்ணாடியும் அகல விளிம்புத் தொப்பியும்தான். தோல் எரியாமல் இருக்க நீளக்கைச் சட்டையும் வெயில் களிம்பும் வேண்டும். மெலனின் இல்லாத தோலுக்குப் புற்றுநோய் ஆபத்து மிக அதிகம்.

மாமாவின் காணொளி

மருத்துவர் அந்தக் காணொளியைப் பற்றி வாசல்வரை வந்துதான் மாமாவிடம் சொன்னார். அது நான் படித்த செயற்கை ஐரிசே அல்ல. நல்ல கண்ணின் நிறத்தை அழகுக்காக மாற்றும் வட்டு அது. பழுப்புக் கண் நீலமாக வேண்டும், சாம்பலாக வேண்டும் என்பவர்களுக்கு, கோளாறே இல்லாத ஐரிசுக்கு முன்னால் கொண்டுபோய் வைப்பது. அப்படி வைத்துக்கொண்டவர்களுக்குக் கண் அழுத்தம் ஏறிக் குளுக்கோமா, கருவிழி வீக்கம், கண்புரை, உள் அழற்சி ஆகியவை வந்ததையும், சிலர் நிரந்தரமாகப் பார்வை இழந்ததையும் மருத்துவ இதழ்கள் தொடர்ந்து பதிவு செய்திருக்கின்றன. அமெரிக்கக் கண் மருத்துவர் கழகம் இதை எதிர்த்து வெளிப்படையாக எச்சரித்திருக்கிறது. அழகுக்கான இந்த வட்டுகளுக்கு எஃப்.டி.ஏ. ஒப்புதல் கிடையாது.

இரண்டுமே சமூக ஊடகத்தில் ஒன்று போலத்தான் தெரியும். இரண்டிலும் வட்டு மடிகிறது, நுழைகிறது, விரிகிறது. ஆகவே இளையோரே, உங்கள் கைப்பேசிக்கு இப்படி ஒன்று வந்தால் இரண்டு கேள்வி கேளுங்கள்: யாருக்காக இதைச் செய்கிறார்கள்? சொந்த ஐரிஸ் நன்றாக இருக்கும் கண்ணிலா, இல்லாத கண்ணிலா? கைப்பேசி எண்ணை மட்டும் போட்டு, மருத்துவரின் பெயரைப் போடாத காணொளிக்குப் பதில் தேடி நேரத்தை வீணாக்க வேண்டியதில்லை. எனக்கு இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. சின்ன வயதில் எந்தக் கண்ணுக்காக என்னைக் கிண்டல் செய்தார்களோ, அதே நிறத்துக்காகச் சிலர் பணம் கொடுத்துக் கண்ணைப் பணயம் வைக்கிறார்கள்.

மாமா வீட்டுக்கு வரும்வரை பேசவில்லை. இரவு குழுவிலிருந்த காணொளியை அவரே அழித்துவிட்டார். பாவம், என் மேல் உள்ள பாசத்தில் அனுப்பியது.

சன்னல் ஓர மேசை

வாரத்தில் மூன்று நாள் மெர்லிமாவ் பக்கம் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறேன். அங்கே இரண்டாம் ஆண்டு படிக்கும் ஒரு பையன் வருகிறான். வெளுத்த முடி, ஆடும் கண். முதல் நாள் அவன் தலையை இடப்பக்கம் சாய்த்துப் புத்தகம் படித்ததைப் பார்த்ததும் எனக்குத் தொண்டை அடைத்தது. நானும் அப்படித்தான் படிப்பேன். கண் ஆட்டம் எந்தக் கோணத்தில் குறைகிறதோ, அந்தக் கோணத்துக்குத் தலை தானாகத் திரும்பிவிடும். என் பள்ளி நாளில் ஓர் ஆசிரியர் என் தலையை இரு கையாலும் பிடித்து நேராக்கி வைப்பார். நல்ல எண்ணத்தில்தான். நேராக்கியதும் எழுத்தெல்லாம் ஆடத் தொடங்கிவிடும். சொல்ல எனக்கு வார்த்தை தெரியவில்லை.

அந்தப் பையனின் அம்மாவும் செயற்கை ஐரிஸ் பற்றிக் கேள்விப்பட்டிருந்தார். நான் எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். பிறகு அவனுக்கு இன்றைக்கே தேவைப்படுவதைப் பேசினோம். வகுப்பில் அவனுக்குச் சன்னல் ஓர மேசை. சன்னலுக்கு எதிரே உட்கார்ந்தால் அவனுக்கு வெண்பலகை இருக்காது, வெளிச்சம் மட்டும்தான் இருக்கும். சன்னலுக்கு முதுகு காட்டி, பலகைக்கு அருகில் உட்கார வேண்டும். தலையைச் சாய்த்துப் படிக்க விட வேண்டும். புத்தகத்தைக் கண்ணருகே கொண்டுபோவதால் கண் கெடாது. பலகையில் எழுதுவதை ஆசிரியர் வாயால் சொல்லிக்கொண்டே எழுதினால் போதும், பாதிச் சிக்கல் தீரும்.

அடுத்து ஓ.கே.யூ. அட்டை. கண்ணாடி போட்டும் நல்ல கண்ணின் பார்வை 6/18க்குக் குறைவாக இருந்தால் பார்வைக் குறைபாடு என்னும் பிரிவில் சமூக நல இலாகாவில் பதியலாம்; மருத்துவர் உறுதிப்படுத்த வேண்டும். எங்கள் வீட்டில் "அட்டை போட்டா கல்யாணம் ஆகாது" என்று தள்ளிப் போட்டார்கள். யு.பி.எஸ்.ஆர். தேர்வில் சிறிய எழுத்துத் தாளோடு மல்லுக்கட்டினேன். கடைசிப் பக்கத்தைத் தொடவே இல்லை. எஸ்.பி.எம். தேர்வுக்குள் அட்டை கிடைத்தது. பள்ளி வழியாக விண்ணப்பித்து, பெரிய எழுத்துத் தாளும் கூடுதல் நேரமும் பெற்றேன். அறிவு கூடவில்லை, எல்லாக் கேள்விக்கும் பதில் எழுத நேரம் கிடைத்தது. பார்வையற்றோருக்கான செயின்ட் நிக்கலஸ் இல்லம் 1926இல் தொடங்கியது நம் மலாக்காவில்தான். பிறகுதான் பினாங்குக்குப் போனது. இந்த ஊர் பார்வைக் குறைபாட்டைப் பார்த்து வெட்கப்பட வேண்டிய ஊர் அல்ல என்று அந்த அம்மாவிடம் சொன்னேன். சிரித்தார்.

அவர் பள்ளிக்குப் போய்ப் பேசினார். பையனுக்கு இப்போது பலகைக்குப் பக்கத்தில் இடம். திங்கட்கிழமைச் சபைக்கூடலில் தொப்பி போடவும் தலைமையாசிரியர் அனுமதித்துவிட்டார். தொப்பி கருநீலமாக இருக்க வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை. இதைக் கேட்ட அம்மா மறுநாளே மெர்லிமாவ் கடைத்தெருவில் இரண்டு தொப்பிகள் வாங்கிக் கொடுத்தனுப்பினார். ஒன்று துவைக்கப் போட்டால் இன்னொன்று வேண்டுமே என்றார்.